கார்ன்வாலிஸ் கோட்டையும் கப்பித்தான் பள்ளிவாசலும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் கடலைப் பார்த்தவாறு ஒரு பழைய கோட்டை நிற்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டை என்பது அதன் பெயர். அங்கிருந்து நகரின் உட்புறமாகச் சிறிது தொலைவு நடந்தால் மினாராவும் குவிமாடங்களும் கொண்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை அடையலாம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என நம் மாவட்டத்துக் கடற்கரையூர்களிலிருந்து 'சபர்' சென்று திரும்பிய முதியோர் பலர் அப்பள்ளியில் தொழுதவர்கள். கோட்டையையும் அவர்கள் கண்டிருப்பர். ஆனால் அதன் பெயருக்குரியவர் யார் என வினவியிருக்க வாய்ப்பில்லை. பிழைக்கச் சென்றவர்க்குக் கோட்டையின் வரலாற்றால் ஆவது என்ன?

எனினும் அவ்விரு கட்டடங்களுக்கும் இடையேயுள்ள அச்சிறு தொலைவில் உலக வரலாற்றின் பெரும்பகுதி ஒன்று அடங்கியுள்ளது. கோட்டைக்குப் பெயர் தந்தவர், அமெரிக்காவில் இங்கிலாந்துக்காகப் போரிட்டுத் தோற்றுச் சரணடைந்த படைத்தலைவர். பள்ளிவாசலை எழுப்பியவர்களோ சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள். மேற்கே ஆங்கிலக் குடியேற்றநாடுகளில் வாழ்ந்த மக்கள் காலப்போக்கில் தம்மை 'அமெரிக்கர்' என அழைத்துக்கொண்டனர். கிழக்கே அதே ஆங்கிலக் கொடியின்கீழ்க் குடியேறிய நம்மவர் தம்மை யாரென அழைத்துக்கொண்டனர்? முன்னதைப் பற்றி நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடநூலில் படிக்கின்றனர். பின்னது நம் வீடுகளைப் பற்றியதாக இருந்தும் எந்தப் பாடத்திலும் இடம்பெறவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதின்மூன்று நாடுகள்

1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனிலும், 1620-இல் பிளிமத்திலும் ஆங்கிலேயர் நிலையாகக் குடியேறினர். அடுத்த ஒன்றேகால் நூற்றாண்டில் அட்லாண்டிக் கரை நெடுகிலும் பதின்மூன்று குடியேற்றநாடுகள் தோன்றின. அவை ஒருதன்மையன அல்ல. தெற்கே புகையிலைத் தோட்டங்கள் பரந்திருந்தன. வடக்கே சமயக் கட்டுப்பாடு மிக்க சிற்றூர்கள் அமைந்தன. நடுவில் இருந்த நியூயார்க் 1664 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. பென்சில்வேனியாவில் ஜெர்மானியர் பெருந்தொகையினராக வந்து தங்கினர்.

வந்தவர் அனைவரும் செல்வர் என்று எண்ணுதல் பிழை. கப்பற்கூலி கொடுக்க வழியற்ற ஏழைகள் நான்கு முதல் ஏழாண்டுகள்வரை ஊதியமின்றி உழைப்பதாக முறி எழுதிக் கொடுத்துக் கப்பலேறினர். குற்றவாளிகள் ஏறத்தாழ 50,000 பேர் இங்கிலாந்திலிருந்து அங்கே நாடு கடத்தப்பட்டனர். 1619-இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர் முதன்முதலாக விற்கப்பட்டனர். பின்னர் அடிமைமுறை சட்டமாகவே நிலைபெற்றது. 1635-ஆம் ஆண்டின் வர்ஜீனிய ஆவணமொன்றில் 'டோனி, கிழக்கிந்தியன்' என ஒரு பணியாளின் பெயர் காணப்படுகிறது. அவர் எந்தக் கரையிலிருந்து சென்றவரோ! பெயரும் அவருடையதன்று, கப்பலில் எவரோ இட்ட பெயராகத்தான் இருத்தல் வேண்டும்.

அடிமைகளாகச் சென்ற ஆப்பிரிக்கருள் முஸ்லிம்களும் இருந்தனர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அய்யூபா சுலைமான் தியாலோ என்பவர் மேற்கு ஆப்பிரிக்காவில் மார்க்கக் கல்வி மிக்க குடும்பத்தில் பிறந்தவர். கடத்தி விற்கப்பட்டு மேரிலாந்துப் புகையிலைத் தோட்டத்தை அடைந்தார். தம் தந்தைக்கு அவர் அரபியில் எழுதிய கடிதம் இலண்டனில் இருந்தவர்களின் கைக்குக் கிட்டியது. அதுவே அவர் விடுதலைக்கு வழியாயிற்று. 1733-இல் இலண்டன் சென்று, 1734-இல் தாயகம் திரும்பினார். எழுதத் தெரிந்த ஒருவர் மீண்டார். மீளாதவர் எண்ணிலர்.

இத்தகைய கலவையான மக்கள் தம்மை ஓரினமாக உணர்ந்தது எவ்வாறு? தொடக்கத்தில் 'அமெரிக்கர்' என்னும் சொல் அம்மண்ணின் பழங்குடியினரையே குறித்தது. குடியேறியவரோ தம்மை ஆங்கிலேயர் என்றே சொல்லிக்கொண்டனர். பெஞ்சமின் பிராங்ளின் போன்ற பெரியாரும் நெடுங்காலம் தம்மை மன்னரின் உண்மைக் குடியாகவே கருதினார். ஆயினும் தாயகத்துக்கும் தங்களுக்கும் இடையே வாரக்கணக்கில் கடக்கவேண்டிய கடல் கிடந்தது. ஓர் ஆணை வந்து சேருமுன் ஊரவரே கூடி முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1619-லேயே வர்ஜீனியாவில் மக்கள் பிரதிநிதிகளின் பேரவை ஒன்று கூடியது. வடக்கே ஊர்க்கூட்டங்கள் வரியையும் வழக்கையும் தாமே தீர்த்தன. 1636-இல் ஹார்வர்டு கல்லூரியும் சில ஆண்டுகளுக்குள் அச்சுக்கூடமும் தோன்றின. எனவே 1765-இல் இலண்டன் நாடாளுமன்றம் முத்திரைவரி விதித்தபோது, பத்திரிகைகளும் பத்திரங்களும் அவ்வரிக்கு உள்ளாயின. எழுதுவோரும் வழக்குரைப்போருமே முதலில் சினந்தெழுந்தனர். 1773 டிசம்பர் 16-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டன. 1776-இல் விடுதலை சாற்றப்பட்டது. 1782-இல் கிரெவெகூர் என்னும் எழுத்தாளர் தம் நூலில் 'அமெரிக்கன் என்பவன் யார்?' என்னும் வினாவையே ஓர் இயலின் பொருளாக்கினார். விடையிறுத்தபோது அடிமைகளையும் பழங்குடியினரையும் அப்பெயருக்குள் அவர் அடக்கவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே

பாஸ்டனில் எறியப்பட்ட தேயிலை சீனத்தது. கம்பெனியோ நம்மை ஆண்ட கம்பெனி. இவ்வாறான இழைகள் இன்னும் சில உள.

எலிஹு யேல் 1649-இல் பாஸ்டனில் பிறந்தவர். 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். அவர் ஆட்சிக்காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். ஈட்டிய பெருஞ்செல்வத்துடன் இங்கிலாந்து திரும்பிய அவரிடம், கனெக்டிகட்டில் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்காக உதவி கேட்டனர். அவர் 1718-இல் 417 நூல்களையும், மன்னர் உருவப்படம் ஒன்றையும், ஒன்பது பொதிச் சரக்கையும் அனுப்பினார். துணிகள் முதலான அச்சரக்கு 562 பவுனுக்கு விற்றது. அக்கல்லூரியே இன்றைய யேல் பல்கலைக்கழகம். கீழைக் கடல் வணிகம் ஈட்டித் தந்த செல்வத்தில் அமெரிக்கக் கல்விக்கூடம் ஒன்று உயர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, கல்லூரிக் கட்டட நிதிக்காக ஊரூராக அலைந்த நம் பெரியோர்களின் நினைவும் எழுகிறது.

மற்றொன்று இன்னும் வியப்புக்குரியது. ஆங்கிலக் கப்பல்களிடமிருந்து தம் வணிகத்தைக் காக்கப் பென்சில்வேனியர் 1782-இல் ஒரு கப்பலைப் போருக்கு அணிசெய்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹைதர் அலி'. ஜோஷுவா பார்னி என்பார் தலைமையில் அக்கப்பல் 1782 ஏப்ரல் 8-இல் தன்னினும் வலிய 'ஜெனரல் மங்க்' என்னும் ஆங்கிலக் கப்பலைக் கைப்பற்றியது. ஆங்கிலேயரை எதிர்த்த மைசூர்ப் புலி, தான் கண்டிராத நாட்டில் விடுதலையின் சின்னமானார். அதே காலத்தில் நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயரின் உற்ற நண்பராக ஹைதரை எதிர்த்து நின்றார். பிலடெல்பியாவுக்கு இருந்த சார்பு புதுக்கோட்டைக்கு இல்லை! இதில் குறைகூற ஒன்றுமில்லை. சிற்றரசு நிலைத்தது அந்நட்பினால்தான். ஆயினும் வரலாறு இவ்வாறும் நகைக்கும் என்பதற்காகக் குறிப்பிட்டேன்.

இனிக் கார்ன்வாலிஸுக்கு வருவோம். 1781 அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் அவர் படை சரணடைந்தது; அமெரிக்காவில் இங்கிலாந்தின் போர் அத்துடன் ஓய்ந்தது எனலாம். ஐந்தாண்டுகள் கழித்து, 1786 செப்டம்பரில், அவரே இந்தியாவின் தலைமை ஆளுநராகக் கல்கத்தா வந்திறங்கினார். அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்டு 11-இல், பிரான்சிஸ் லைட் என்னும் கடல்வணிகர் கடா சுல்தானிடமிருந்து பெற்ற பினாங்குத் தீவில் கம்பெனியின் பெயரால் ஆங்கிலக் கொடியை ஏற்றியிருந்தார். மேற்கே ஒரு கதவு மூடக் கிழக்கே ஒரு கதவு திறந்தது. முதலில் மரக்கழிகளால் அமைந்து பின்னர்ச் செங்கல்லால் எழுந்த கோட்டைக்குக் கார்ன்வாலிஸின் பெயர் சூட்டப்பட்டது.

1791-இல், இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த கலப்பினத்தார் கம்பெனியின் ஆட்சிப் பணிகளில் சேரத் தடை விதிக்கப்பட்டது. குடியேறியவரின் பிள்ளைகள் மண்ணோடு ஒன்றி உரிமை கேட்டதை அமெரிக்காவில் கண்ட அச்சமும் இதற்கு ஒரு காரணம் எனக் கருதும் வரலாற்றாசிரியர் உளர். கிழக்கே இன்னோர் அமெரிக்கா பிறந்துவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை ஆட்சியாளரிடம் இருந்தது போலும்.

பாக்குத் தீவில் நம்மவர்

பினாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பது பொருள். தமிழருக்கு அப்பகுதி புதியதன்று. பட்டினப்பாலை கூறும் காழகத்தை நச்சினார்க்கினியர் கடாரம் என உரைப்பார்; அக்கடாரமே இன்றைய கடா. ஆங்கிலேயர் வருமுன்பே கடாவில் தமிழ் முஸ்லிம் வணிகர் செல்வாக்குடன் இருந்தனர். அவர்களைச் 'சூலியா' என அழைத்தனர். சோழியர் என்பதன் திரிபு அது என்பர். தீவில் கொடி ஏறியதும் கடாவிலிருந்தும் நம் கரையிலிருந்தும் அவர்கள் அங்கே சென்று கடை வைத்தனர். 1790-களில் லைட் எழுதிய குறிப்பின்படி அங்கே நிலையாக இருந்தோர் ஏறத்தாழ 1,000 பேர். அவர்களன்றி ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர்வரை கப்பலில் வந்து, கிடைத்த தொழிலைச் செய்து, சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்களுக்குப் பதிலாக வேறு சிலர் வந்தனர். சூலியா தெரு இன்றும் அந்நகரின் முதன்மைத் தெருக்களுள் ஒன்று.

லைட்டின் இக்குறிப்பிலேயே வேறுபாட்டின் வேர் உள்ளது. பிளிமத் சென்றவர் திரும்பும் எண்ணமின்றிக் குடும்பத்துடன் சென்றனர். நம்மவர் திரும்பும் எண்ணத்துடனேயே தனியாகச் சென்றனர். சபர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். பயணம் என்றால் மீளுதலும் அதில் அடங்கும். எனவே சென்றவரைச் 'சபுராளி' என்றழைத்தோம். குடியேறியவர் என்று எவரும் அழைத்ததில்லை. நாற்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவரும் நம் பேச்சில் பயணிதான். நம் மாவட்டத்து இராயவரம், கடியாபட்டி முதலிய ஊர்களின் நகரத்தார் இதனை முறையாகவே வகுத்துக்கொண்டனர். மூன்றாண்டுக் கணக்குக்கு முகவரை அனுப்பி, கணக்கு முடிந்ததும் அழைத்துக்கொண்டனர். அவர்களிடம் அங்கே புதிய இனம் எதுவும் தோன்றவில்லை. நம்மவரிடம் தோன்றியது.

அதனைக் கூறுமுன், அத்தீவுக்கு விரும்பிச் செல்லாதவரையும் நினைத்தல் வேண்டும். மருது சகோதரர்களின் எழுச்சி ஒடுக்கப்பட்டபின், சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்னமருதுவின் மகன் துரைச்சாமியும் உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டோர் 1802-இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். அமெரிக்கா கைவிட்டுப் போனபின் இங்கிலாந்து தன் குற்றவாளிகளை 1788 முதல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. இந்தியாவின் குற்றவாளிகளைக் கம்பெனி இத்தீவுகளுக்கு அனுப்பியது. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயமும் ஆளுநர் மாளிகையும் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தவை.

வணிகர்களின் தலைவராகக் காதிர் முகைதீன் விளங்கினார். பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர் அவர். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தலைவரை நியமித்து அவர்வழியே ஆளும் முறையில் அவரைக் 'கப்பித்தான்' ஆக்கினர். 1801-இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் ஏறத்தாழ 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்கென அளித்தார். அதில் எழுந்ததே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இன்றைய தோற்றம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கியபோது அமைந்தது. கெலிங் என்பது கலிங்கத்திலிருந்து பிறந்த சொல். அன்று இந்தியர் எவரையும் குறித்தது. இன்று இழிவுச் சொல்லாகக் கருதப்படுகிறது. 1834-இல் காதிர் முகைதீன் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற வக்பு சொத்துகள் குறித்து வழக்குகள் எழுந்தன. இத்தகைய அறக்கொடைகளை மேற்பார்க்க 1905-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

வடஅமெரிக்கச் சிற்றூரில் ஊர்க்கூட்டம் எதுவோ, அதுவே பினாங்கில் ஜமாஅத்து. ஆனால் ஊர்க்கூட்டம் வரி விதித்தது. பின்னர் மன்னரின் வரியை மறுத்தது. ஜமாஅத்து நோன்புக் கஞ்சி காய்ச்சியது, மையித்தை அடக்கியது, வழக்கைத் தீர்த்தது. ஆட்சியைப் பற்றி அது பேசவில்லை. அங்கே குடியேறியவர் பிறர் மண்ணைக் கைப்பற்றி அதன் உடைமையாளராயினர். நம்மவர் மற்றொருவர் ஆண்ட, வேறொருவருக்குரிய மண்ணில் கடை வைத்திருந்தனர். விடுதலை சாற்றும் எண்ணம் எழ அங்கே இடமில்லை.

சிங்கப்பூரில் 1819-க்குப் பின் இதே வரலாறு சுருக்கமாக மீண்டும் நிகழ்ந்தது. 1826-இல் ஜாமிஆ சூலியா பள்ளி நிறுவப்பட்டது. 1827-இல் கூரைவேய்ந்த 'குச்சுப்பள்ளி' எழுந்தது. 1828-1830-இல் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்கா கட்டப்பட்டது. மூன்றும் இன்று அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னங்கள்.

ஜாவிப் பெரனாக்கான்

தனியே சென்றவர் அங்கேயும் மணந்தனர். மலாய்ப் பெண்களை மணந்த தமிழ் முஸ்லிம்களின் வழியினர் 'ஜாவிப் பெரனாக்கான்' எனப்பட்டனர். ஜாவி என்பது தென்கிழக்காசிய முஸ்லிம்களை அரபியர் அழைத்த பெயர். பெரனாக்கான் என்றால் அம்மண்ணில் பிறந்தவர். மண்ணில் பிறந்தமையே பெயரானது! அமெரிக்கர் என்னும் பெயரும் அவ்வாறு மண்ணால் வந்ததே.

இவ்வினத்துக்குக் கிடைத்த பெருஞ்சான்று முன்ஷி அப்துல்லா. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்தார். யமன் நாட்டிலிருந்து வந்த அவர் முன்னோர் நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்தார்; அவ்வழியினர் மலாக்கா சென்றனர். ராபிள்ஸ் முதலிய ஆங்கிலேயரிடம் எழுத்தராகவும் மொழியாசிரியராகவும் பணியாற்றிய அப்துல்லா, 'ஹிகாயத் அப்துல்லா' என்னும் தன்வரலாற்றை 1843-இல் முடித்தார்; 1849-இல் அது அச்சேறியது. புதிய மலாய் உரைநடையின் தந்தை என இன்று அவரைப் போற்றுகின்றனர். தந்தை தம்மைத் தமிழாசிரியரிடம் அனுப்பிப் படிக்க வைத்ததை அந்நூலில் அவர் எழுதியுள்ளார். மலாக்காவின் வசதிமிக்க குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழிவழி வந்த வழக்கம். கணக்குக்கும் வணிகப் பேச்சுக்கும் அது தேவைப்பட்டது என்கிறார். நம் மாணவர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இன்று ஆங்கிலம் எதற்கோ அன்று மலாக்காவில் தமிழ் அதற்கு. அக்காலத்தின் எச்சமாகவே கப்பல், கடை, கட்டில், பெட்டி, முதல் ஆகிய சொற்கள் 'காப்பால், கெடாய், காத்தில், பெத்தி, மோடால்' என மலாயில் வாழ்கின்றன. ஆயினும் அப்துல்லா எழுதியது தமிழில் அன்று. பிள்ளை தமிழ் கற்றார். பெரியவராகி மலாயில் எழுதினார். ஒரு தலைமுறையின் திருப்பம் அவர் ஒருவரிடமே நிகழ்ந்துவிட்டது.

பத்திரிகைகளிலும் இரு நீரோட்டங்களைக் காணலாம். 1876-இல் சிங்கப்பூரில் தோன்றிய முதல் மலாய்ப் பத்திரிகையின் பெயரே 'ஜாவிப் பெரனாக்கான்'. நடத்தியவர் இந்திய வழியினரான முஸ்லிம்கள். மறுபுறம் 1872-லேயே நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' சிங்கப்பூரில் அச்சாகியிருந்தது. 1887 ஜூனில் மகுதூம் சாயபு தம் தீனோதய எந்திரசாலையிலிருந்து 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். அதில் அவர் 1888-இல் எழுதிய 'விநோத சம்பாஷணை' சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதையாக மதிக்கப்படுகிறது. பாஸ்டன் பத்திரிகைகள் மன்னரை எதிர்த்து ஓரினத்தை உருவாக்கின. சிங்கை நேசனோ விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டில் பிறந்தது. அரசியல் துணிவை அதில் தேடுவது பொருந்தாது. அக்கரையில் தமிழ் படிக்கும் ஒரு கூட்டம் உண்டு என்பதை அது நிலைநாட்டியது. மூன்றாண்டுகள் நடந்து 1890-இல் நின்றது.

மொழியும் கடவுச்சீட்டும்

தோட்டங்களுக்குக் கங்காணிகள்வழி சென்ற இலட்சக்கணக்கான தமிழரின் வரலாறு தனியே எழுதத்தக்கது. அதனை இங்கே தொடவில்லை.

1957-இல் மலாயா விடுதலை பெற்றது. அதன் அரசியலமைப்பின் 160-ஆம் பிரிவு, இசுலாத்தைத் தழுவி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் மரபைப் பின்பற்றுபவர் மலாய்க்காரர் என வரையறுக்கிறது. அந்நாட்டிலோ சிங்கப்பூரிலோ பிறப்போ வாழிடமோ உடையவராகவும் இருத்தல் வேண்டும். இவ்வரையறை நம்மவர்க்கு ஒரு கதவைத் திறந்தது. மார்க்கம் முன்பே ஒன்று. பிறப்பும் அங்கே. எஞ்சியது மொழி. தமிழை விட்டால் மண்ணின் மைந்தர், விடாவிட்டால் இந்தியர். பலர் கதவின் வழியே சென்றனர். அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. பிள்ளையின் கல்வியும் வேலையும் அதில் அடங்கியிருந்தன. ஆனால் மொழியிழப்புக்கு மார்க்க ஒற்றுமையே காரணம் என்பாரும் உளர், அதனை ஏற்பதற்கில்லை. மலாக்காச் செட்டிகள் இந்து சமயத்தை நூற்றாண்டுகளாகப் போற்றி வருபவர். அவர்கள் வீட்டு மொழியும் மலாயே. மணமகள் அம்மண்ணிலிருந்து வந்தாள். பிள்ளை தாயின் மொழியைப் பேசியது. இதனைத் தடுக்கப் பள்ளிவாசலாலும் இயலவில்லை, கோவிலாலும் இயலவில்லை.

அமெரிக்காவில் கொடி மாறியது, மொழி நின்றது. பினாங்கில் ஆங்கிலக் கொடி, ஜப்பானியக் கொடி, மீண்டும் ஆங்கிலக் கொடி, மலாயாக் கொடி எனக் கொடிகளும் மாறின. மொழியும் மெல்ல மாறியது. சிங்கப்பூரிலோ 1935-இல் தோன்றிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அரசின் ஆதரவு உள்ள இடத்தில் தமிழை இழக்காமலே அந்நாட்டவராக முடிகிறது.

ஊர் திரும்ப எண்ணியவர்க்கும் காலம் குறுகியது. 1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் மலேசியக் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை உரிமம் தேவையாயிற்று. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பலர் 'ரஜூலா' கப்பலேறித் திரும்பினர். குடியுரிமை பெற்றவர் அங்கே நின்றனர். ஒரு தாயின் மக்கள் இரு நாட்டினர் ஆனது அப்போதுதான். 1972 முதல் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீப்பிடித்தபின் கப்பற்பயணமும் முடிந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லப் பெரியோர் முன்னிலையில் எனக்குத் தயக்கம் உண்டு. நம் கரையில் எத்தனையோ வீடுகளுக்கு அக்கரையில் ஒரு கிளை உண்டு. இங்கே ஒரு மனைவி, அங்கே ஒரு மனைவி. ஊரறிந்தும் பேசப்படாத செய்தி இது. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் அக்கரைப் பிள்ளைகளின் பெயர்கள் விடுபட்டதுண்டு. மார்க்கச் சட்டப்படி அவர்களும் வாரிசுகளே என்பதை ஆலிம்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க அடையாளம் பழங்குடியினரையும் அடிமைகளையும் விலக்கி வளர்ந்தது என்று வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் கடற்கரையூர் ஒன்றில் என் உறவினர் இல்லத்துக்குப் பினாங்கிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். மலாயும் ஆங்கிலமும் மட்டுமே அவர் அறிவார். தம் பாட்டனாரின் தகரப்பெட்டியில் இருந்த ஒரு கடிதத்தைக் கண்ணாடித்தாளில் இட்டுக் கொணர்ந்திருந்தார். அரபு எழுத்து; ஆனால் அவருக்குப் பொருள் விளங்கவில்லை. அங்கிருந்த அரபி படித்த இளைஞர்களும் திகைத்தனர். நான் வாங்கிப் பார்த்தேன், அரபுத்தமிழ். இருபதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு அதில் நான்கு சொற்களே பிடிபட்டன. இறுதியில், அவ்வூரில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்த மூதாட்டி ஒருவரை அழைத்து வந்தனர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடையின்றி வாசித்தார்.

இங்கிருந்த மனைவி பினாங்கில் இருந்த கணவருக்கு எழுதியது அது. கிணறு இடிந்தது, மாட்டை விற்றது, மகளுக்குப் பேசிமுடித்தது, நகைக்குக் குறைந்த பணம் எல்லாம் இருந்தன. முடிவில், அங்குள்ள பிள்ளைக்குத் தன் சலாமும் துஆவும் சொல்லும்படி எழுதியிருந்தார். மூதாட்டி வாசிப்பதை நிறுத்தி இளைஞரைப் பார்த்தார். "இது உங்க பாட்டனாருக்குச் சொன்ன சலாம்தான் தம்பி" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அந்த வரியை மட்டும் மீண்டும் வாசிக்கச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்.